எட்டில் ஒரு பங்கு, ஆனால் எதில்?

சேலம் கோட்டைப் பக்கம் நான் வளர்ந்த தெருவில் ஒரு முஸ்லிம் வீட்டில் மௌத் (மரணம்) நடந்தால், நாற்பதாம் நாள் கழிவதற்குள் ஒரு பேச்சு திண்ணைக்கு வந்துவிடும். “பொஞ்சாதிக்கு எட்டில் ஒண்ணு. மார்க்கம் சொன்னது அதானே?” கணவரை இழந்த பெண் அப்போது உள்ளறையில் இத்தாவில் இருப்பார். அது கணவர் இறந்த பின் மனைவி காத்திருக்கும் காலம், 4 மாதம் 10 நாள். வெளியே பேசுவது அவர் காதில் விழும். பதில் சொல்ல அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் நடந்தது. பெரியத்தா இறந்த பிறகு சொந்தக்காரர்கள் கூடி ஒரு வெள்ளைத் தாளில் சொத்துப் பட்டியல் எழுதினார்கள். வீடு, கடை, பேங்கில் இருந்த பணம், பீரோவில் இருந்த நகை, கடைசி வரியில் பெரியம்மாவின் தையல் மெஷின். எல்லாவற்றையும் கூட்டி எட்டால் வகுத்தார்கள். அந்த மெஷினைப் பெரியம்மா ரவிக்கை தைத்துச் சேர்த்த காசில் வாங்கியிருந்தார். அவருடைய பொருளையே எடுத்துக் கணவர் சொத்தில் சேர்த்து, அதில் எட்டில் ஒன்றை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று அதைத் தப்பு என்று சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கு சரிதான். எதை எட்டால் வகுக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை, பிழை அங்கேதான் தொடங்குகிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கப் போகிறோம்.

இரண்டு பீரோ

இஸ்லாமியச் சட்டத்தில் நிக்காஹ் (திருமணம்) ஆனதும் கணவன் மனைவி சொத்துகள் ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பீரோ இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவருடையது, மற்றொன்று அவளுடையது. தாய்வீட்டுச் சீர், அவள் சம்பாதித்தது, அவளுக்கு வந்த அன்பளிப்பு, அவளுடைய தாய் தகப்பனிடமிருந்து வந்த வாரிசுப் பங்கு, கல்யாணத்துக்காகக் கணவர் தரும் மஹர் எல்லாம் அவளுடைய பீரோவில். அதன் சாவி அவளிடம். விற்கவும் அடகு வைக்கவும் கணவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. “ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு, பெண்களுக்கும் அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு” என்ற பொருளில் குர்ஆனில் (4:32) ஒரு வசனம் உண்டு. இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரிலேயே முழுமையாகச் சொத்து வைத்துக்கொள்ள 1882-ல் வந்த சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இது எவ்வளவு பழைய, எவ்வளவு உறுதியான உரிமை என்று புரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கணவர் தன் பெயரில் வாங்கிய வீடு அவருடைய பீரோவில்தான் இருக்கும். 30 வருடம் அந்த வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாருக்குப் பணிவிடை செய்திருந்தாலும், ‘தாம்பத்தியச் சொத்தில் பாதி’ என்று ஒன்று மனைவிக்குத் தானாக வருவதில்லை. இது முஸ்லிம் பெண்களுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் இந்து மனைவிக்கும் அப்படி ஒரு பாதி கிடையாது. போர்ச்சுகீசியர் காலத்துச் சிவில் சட்டம் இன்றும் நடக்கிற கோவா போன்ற பகுதிகளில்தான் கல்யாணத்தோடு சொத்து பொதுவாகும் முறை உண்டு.

நம் ஊருக்கு எந்தச் சட்டம்? 1937-ல் வந்த ஷரீஅத் சட்டம்தான் நிக்காஹ், மஹர், தலாக், ஜீவனாம்சம், அன்பளிப்பு, வாரிசுரிமை எல்லாவற்றுக்கும் இஸ்லாமியச் சட்டத்தைப் பொருத்துகிறது. முதலில் அதில் விவசாய நிலம் சேரவில்லை. சென்னை மாகாணம் 1949-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து நிலத்தையும் சேர்த்தது. அதனால் ஏற்காட்டில் காப்பியும் மிளகும் போட்ட ஒரு ஏக்கரை ஒருவர் விட்டுச் சென்றாலும், “தோட்டத்தில் பொம்பளைக்குப் பங்கு கிடையாது” என்று தமிழ்நாட்டில் யாரும் சொல்ல முடியாது.

மஹர் ஒரு கடன்

மஹரை நிக்காஹ் மேடையில் அதை நடத்திவைக்கும் ஹஜ்ரத் ஒருமுறை உரக்கச் சொல்வார், தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) எழுதுவார்கள், அத்தோடு மறந்துவிடுவோம். உண்மையில் இந்த விஷயத்தில் மனைவியின் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அதுதான்.

மஹர் கணவர் மனைவிக்குத் தர வேண்டியது. அவளுக்கே சேர வேண்டியது, அவளுடைய அத்தாவுக்கு (தகப்பனாருக்கு) இல்லை. எவ்வளவு என்பதற்கு மேல்வரம்பு கிடையாது. கீழ்வரம்பு ஹனஃபி என்ற சட்டப் பிரிவின் வழியில் 10 திர்ஹம், அதாவது ஏறக்குறைய 30 கிராம் வெள்ளி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மெல்லிய கொலுசு ஒரு ஜோடி அந்த எடைக்கு வந்துவிடும். நபிகளாரின் மகள் ஃபாத்திமா அவர்களின் மஹர் அளவை வைக்க விரும்புகிறவர்கள் சுமார் 1,530 கிராம் வெள்ளி என்று கணக்கிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள்! பெண் வீட்டார் மஹர் பேசும்போது கூச்சப்பட்டு, “ஏதோ சம்பிரதாயத்துக்கு எழுதுங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். சீர் பேசும்போது மட்டும் மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

மஹரில் உடனே தர வேண்டியது உண்டு, பிறகு தருவதாக ஒப்புக்கொண்டதும் உண்டு. உடனடி மஹரை மனைவி எப்போது கேட்டாலும் தர வேண்டும். தவணை வைத்த மஹர், மரணத்தாலோ தலாக்காலோ திருமணம் முடியும்போது கட்டாயம் தர வேண்டியதாகிவிடும். தராமல் கணவர் இறந்தால் அது அவர் விட்டுச்சென்ற கடன். மளிகைக்கடை பாக்கி போல, பேங்க் கடன் போல, முதலில் அதை அடைத்துவிட்டுத்தான் வாரிசுகள் பங்கு பிரிக்க வேண்டும். அதுவரை, கணவரின் சொத்து மனைவியின் அனுபவத்தில் முறையாக வந்திருந்தால், மஹர் கைக்கு வரும்வரை அதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. அதனால் அந்தச் சொத்துக்கு அவள் சொந்தக்காரி ஆகிவிட மாட்டாள், ஆனால் அவளை வெளியேற்றவும் முடியாது. கோர்ட்டுக்குப் போவதானால் 3 வருடத்துக்குள் போக வேண்டும். தவணை மஹருக்கு அந்தக் காலம் மரணத்திலிருந்தோ தலாக்கிலிருந்தோ ஓடத் தொடங்கும்.

அப்புறம், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மய்யித்தை (இறந்தவர் உடலை) எடுப்பதற்கு முன்னால் யாராவது ஒரு பெரியவர் உள்ளறை வாசலில் வந்து நின்று, “மஹரை மன்னிச்சேன்னு சொல்லிடும்மா, அவர் கடனில்லாம போகட்டும்” என்பார். கணவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் நேரத்தில் எந்தப் பெண் மாட்டேன் என்பாள்? அவள் தலையாட்டுவாள். மனைவி மனமுவந்து மஹரை விட்டுக்கொடுக்கலாம், அது உண்மை. ஆனால் துக்கத்தில் நிலைகுலைந்திருக்கும்போது சொன்ன வார்த்தை மனமுவந்து சொன்னதாகாது. கணவர் இறந்த வேதனையில் விதவை மஹரை விட்டுக்கொடுத்தது அவளைக் கட்டுப்படுத்தாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1920-லேயே சொல்லியிருக்கிறது. இறந்தவர் கடனில்லாமல் போக வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அதற்கு வழி, பிள்ளைகள் அந்தக் கடனை அடைப்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சேலம் குகைப் பகுதியில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். அவருடைய தாய் தகப்பன் முன்பே காலமாகிவிட்டார்கள். வீடு அவர் பெயரில் 30 லட்சம். பட்டறையும் வெள்ளியும் 6 லட்சம். பேங்கில் 2 லட்சம். ஆக 38 லட்சம். பீரோவில் மனைவியின் நகை 20 பவுன்.

நகையைத் தொடவே கூடாது. அது கணவருடைய சொத்து ஆகாது.

38 லட்சத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, 40,000 ரூபாய். அடுத்து கடன்கள். வெள்ளி வியாபாரிக்குப் பாக்கி 1,60,000. தஃப்தரில் எழுதியும் கொடுக்காமல் விட்ட மஹர் 2 லட்சம். வீட்டுமனை வாங்கும்போது மனைவி தன் வளையல்களை விற்றுக் கடனாகத் தந்தது 4 லட்சம், அதற்குக் கணவர் எழுதித் தந்த சீட்டும் இருக்கிறது. எல்லாம் சேர்த்து 8 லட்சம் கழிகிறது. வஸிய்யத் (உயில்) ஏதாவது இருந்தால், மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் அதை நிறைவேற்ற வேண்டும். இங்கே வஸிய்யத் இல்லை. எனவே பங்கிட வேண்டியது 30 லட்சம்.

இப்போதுதான் எட்டு வருகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று 3,75,000. மீதி 26,25,000-ஐ மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் மகனுக்கு 13,12,500, ஒவ்வொரு மகளுக்கும் 6,56,250.

மனைவியின் கைக்கு வருவது எட்டில் ஒரு பங்கு 3,75,000, மஹர் 2 லட்சம், தன் கடன் 4 லட்சம், ஆக 9,75,000. நகை தனி. மொத்த 38 லட்சத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எட்டால் வகுத்திருந்தால் 4,75,000 மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார்கள். வாரிசுச் சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மனைவியின் தொகை மட்டும் இருமடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

பிள்ளை இல்லாத தம்பதியானால் மனைவிக்கு நாலில் ஒன்று. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவிகள் இருந்தால் அந்த எட்டில் ஒன்றையோ நாலில் ஒன்றையோ அவர்களே பகிர்ந்துகொள்ள வேண்டும். மனைவி முதலில் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது கணவருக்கு அவள் சொத்தில் நாலில் ஒன்று, இல்லாதபோது பாதி.

பங்கு பேசும்போதே “ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடும்மா” என்று ஒரு காகிதம் வரும். பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரம். அதில் கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்துவிட்டால் உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். முழுசாகப் படிக்காமல், வெளியாள் ஒருவரிடம் காட்டாமல், பத்திரப்பதிவு அலுவலகப் படியேற வேண்டாம். இத்தா முடியவில்லை என்று சொல்லி நாள் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை.

பிரிந்துவிட்டால்

தலாக் ஆன பெண்ணுக்கு 1986-ம் வருடச் சட்டம் மூன்று விஷயங்களைத் தெளிவாகத் தருகிறது. கொடுக்காமல் இருக்கும் மஹர் முழுவதும். கல்யாணத்துக்கு முன்போ கல்யாணத்திலோ பின்னரோ அவளுடைய உறவினர், நண்பர், கணவர், கணவர் வீட்டார் யார் கொடுத்திருந்தாலும் அவளுக்கென்று வந்த பொருள்கள் அத்தனையும். அப்புறம் நியாயமான ஒரு ஏற்பாடும் ஜீவனாம்சமும். இத்தா முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதால் இத்தா காலத்துக்கு மட்டும்தான் தர வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். அவளுடைய பின்வரும் வாழ்க்கைக்கும் சேர்த்து அந்த ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று டேனியல் லத்தீஃபி வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. தலாக் ஆன முஸ்லிம் பெண் பொதுவான ஜீவனாம்சச் சட்டத்தின் கீழும் வழக்குப் போடலாம் என்று 2024 ஜூலையிலும் தெளிவாக்கியது.

சீர் விஷயத்தில் புதிதாக ஒன்று. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளைக்குக் கொடுத்ததாகப் பேசப்பட்ட பணமும் நகையும்கூட அந்தப் பெண்ணுக்கே திரும்ப வேண்டும் என்று, மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்கும் பெண்ணிடம் மஹரைத் திருப்பிக் கேட்பது வழக்கம். அது இருவரும் பேசி ஒத்துக்கொள்ளும் விஷயம். 1939-ம் வருடச் சட்டப்படி கோர்ட் மூலம் மணவிலக்கு வாங்கினால் மஹர் உரிமை அப்படியே இருக்கும். ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பது பல வீடுகளில் சண்டையைத் தவிர்த்திருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பேசிய தொகையையும் பொருளையும் தேதியோடு எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் கரைந்துவிடும்.

சேர்ந்து தேடிய சொத்து

சரி, எழுதி வைக்காத உழைப்புக்கு என்ன கணக்கு? சேலத்தில் எத்தனையோ வீடுகளில் கொலுசுக்கு வளையம் கோப்பது மனைவி. பட்டறை கணவர் பெயரில். அவள் கோத்த வளையத்துக்கு யாரும் ரசீது போடுவதில்லை.

மலேசியாவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ‘ஹர்த்தா செபெஞ்சாரியான்’ என்று பெயர். சேர்ந்து தேடிய சொத்து என்று நம் மொழியில் அப்படியே சொல்லலாம். மலாய் வழக்கத்திலிருந்து வந்து ஷரீஅத் கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்ட முறை இது. கோலாலம்பூருக்குப் பொருந்தும் 1984-ம் வருட இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில், கணவர் ஒருவரே சம்பாதித்து வாங்கிய சொத்தைப் பிரிக்கும்போதும் மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதையும் குடும்பத்தைப் பேணியதையும் நீதிபதி கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கணவர் இறந்தாலும் முதலில் இந்தப் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதியில் வாரிசுப் பங்கும் பெறலாம். இந்தோனேசியாவில் விவாகரத்தின்போது ஆளுக்குப் பாதி என்பதே விதி. இவை இஸ்லாமியக் குடும்பச் சட்டம் நடக்கும் நாடுகள் என்பதை, “மார்க்கத்தில் இதற்கு இடமில்லை” என்று முடித்துவிடுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் இன்னும் அப்படிச் சட்டம் இல்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இந்துக் குடும்ப வழக்கில், கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவளுக்குச் சமபங்கு உண்டு என்றது. நம் வீடுகளுக்கும் அந்தக் காற்று வரும் என்று நம்புகிறேன். அதுவரை காத்திருக்காமல் கணவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

“எல்லாத்தையும் உன் பேருக்கு உயில் எழுதிடறேன்” என்பது பலர் சொல்லும் ஆறுதல். சுன்னி சட்டத்தில் வாரிசாக இருக்கும் ஒருவருக்கு எழுதிய உயில், மற்ற வாரிசுகள் பின்னால் சம்மதித்தால்தான் செல்லும். மனைவி வாரிசு. ஆகவே அந்த உயிலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கொடுக்க நினைப்பதை உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக, அதாவது அன்பளிப்பாக, கொடுத்துவிட வேண்டும். தருகிறேன் என்று அவர் சொல்ல வேண்டும், ஏற்கிறேன் என்று அவள் சொல்ல வேண்டும், பொருள் அவள் அனுபவத்துக்கு வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் வாய்வார்த்தையே போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை. இருந்தாலும் நான் பதிவு செய்யத்தான் சொல்வேன். கூடவே வீட்டு வரி, மின் இணைப்பு, பட்டா எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு மாற்றிவிடுங்கள். மரணப் படுக்கையில் கொடுத்த ஹிபாவை உயிலைப் போலவே பார்ப்பார்கள், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும். புதிதாக மனை வாங்குகிறவர்கள் மனைவி பெயரில் வாங்கலாம். 10 லட்சம் வரையான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு.

ஏற்கெனவே பிரச்சினையில் இருப்பவர்கள் சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நிக்காஹ் தஃப்தரின் நகல், ஆதார், பேங்க் பாஸ்புக், வீட்டுப் பத்திர நகல், இறப்புச் சான்றிதழ் அல்லது தலாக் சம்பந்தமான காகிதம் கையில் இருக்கட்டும். நகைக்கடை பில் எப்போதோ தொலைந்து போயிருக்கும். அப்படியானால் கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போங்கள். கழுத்தில், கையில், காதில் என்னென்ன போட்டிருந்தீர்கள் என்பது அதில் தெரியும்.